மின்னோட்டத்தின் அம்புக்குறி தவறா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்தாம் வகுப்பில் மின்னோட்டம் பற்றிய பாடத்தை நடத்தும்போது, மின்கலத்தின் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு அம்புக்குறி வரைகிறேன். அடுத்த நிமிடமே, கம்பிக்குள் எலக்ட்ரான்கள் இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. “அப்படியென்றால் புத்தகத்தில் இருப்பது தவறுதானே டீச்சர், ஏன் இன்னும் திருத்தவில்லை?” என்று ஒரு மாணவி கேட்டாள். “பழைய தவறு, பழகிவிட்டது” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. (ஆசிரியை, கோவில்பட்டி)

பதில்: உங்களுக்கு நிறைவளிக்காமல் போனது சரியே. “பழைய தவறு” என்ற விளக்கம் பல நூல்களிலும் இருக்கிறது. ஆனால் நடந்ததை அருகில் சென்று பார்த்தால் அங்கே தவறு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

1747ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். லண்டனிலிருந்து பீட்டர் காலின்சன் அனுப்பிவைத்த கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் சோதனைகள் செய்துவந்தார்கள். அவற்றில் ஒன்றை அவர் காலின்சனுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். இரண்டு பேர் தரையைத் தொடாதபடி மெழுகின்மேல் நிற்கிறார்கள். முதலாமவர் கண்ணாடிக் குழாயைத் தேய்க்கிறார். இரண்டாமவர் தம் விரலைக் குழாயருகே கொண்டுசென்று அதிலிருந்து தீப்பொறியை வாங்கிக்கொள்கிறார். இப்போது தரையில் நிற்கும் மூன்றாமவர் இவ்விருவரில் எவரைத் தொடப்போனாலும் பொறி பறக்கிறது. மெழுகின்மேல் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் தொட்டாலோ, அதைவிடப் பெரிய பொறி பறக்கிறது. அதன்பின் இருவரிடமும் மின்சாரத்தின் அறிகுறி எதுவும் மிஞ்சுவதில்லை.

அதற்கு முன்பே பிரான்சில் டூஃபே, கண்ணாடியில் தோன்றும் மின்சாரம் வேறு, பிசினில் தோன்றும் மின்சாரம் வேறு என்று இரண்டு வகைகளைக் கூறியிருந்தார். பிராங்க்ளின் இரண்டு பொருள்கள் வேண்டாம், ஒன்றே போதும் என்றார். தேய்ப்பதால் மின்சாரம் உண்டாவதில்லை. எல்லாப் பொருளிலும் ஏற்கெனவே இருக்கும் ஒன்று ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுகிறது. முதலாமவரிடமிருந்து போனது எவ்வளவோ அவ்வளவே இரண்டாமவரிடம் சேர்ந்திருக்கிறது. ஆகவேதான் இருவரும் தொட்டுக்கொண்டதும் கணக்கு நேராகிவிடுகிறது. கூடியவருக்கு நேர்க்குறி, குறைந்தவருக்கு எதிர்க்குறி. இன்றைக்கு மின்னூட்ட அழிவின்மை விதி என்று நாம் கற்பிப்பது, அளவுக்கருவி எதுவுமின்றி, தீப்பொறியின் பருமனைக் கண்ணால் பார்த்தே எட்டப்பட்ட இந்த முடிவின் வளர்ச்சிதான்.

கூடியது யார், குறைந்தது யார் என்பதைத் தெரிந்துகொள்ள அன்றைக்கு வழியே இல்லை. பொறி எந்தத் திசையில் பாய்ந்தது என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. தேய்த்தவர் இழந்தார், கண்ணாடி பெற்றது என்று பிராங்க்ளின் வைத்துக்கொண்டார். உண்மையில் கண்ணாடிதான் எலக்ட்ரான்களை இழந்தது, தேய்த்தவர் பெற்றார். 1897இல் கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன், எதிர்மின்வாய்க் கதிர்கள் என்பவை அணுவைவிட மிக இலேசான துகள்களின் ஓட்டமே என்று நிறுவியபோது, அந்தத் துகள்களின் மின்னூட்டம் பிராங்க்ளினின் கணக்குப்படி எதிர்க்குறி பெற்றது. ஏட்டில் வரவுப் பக்கம் இடமா வலமா என்பதை முதலில் எழுதியவர் தீர்மானிக்கிறார். எந்தப் பக்கம் வைத்தாலும் இருப்புத் தொகை மாறுவதில்லை. குறியின் நிலை அதுதான்.

“ஆனால் ஓடுவது எலக்ட்ரான்தானே, அம்புக்குறியையும் அதன் வழியே திருப்பிவிடலாமே” என்று உங்கள் மாணவி மேலும் கேட்கக்கூடும். இதற்கான விடையை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் மயில்துத்தக் கரைசல் எடுத்துக்கொள்ளுங்கள். (மயில்துத்தம் நச்சு, சமையல் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.) மேலுறை நீக்கிய இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் அதில் அமிழ்த்தி, தொடராக இணைத்த இரண்டு டார்ச் பேட்டரிகளோடு பொருத்துங்கள். அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், எதிர்முனையில் பொருத்திய கம்பியின்மேல் புதிய செம்பு செந்நிறத்தில் சொரசொரப்பாகப் படிந்திருக்கும். நேர்முனைக் கம்பி அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும்.

இப்போது இந்தச் சுற்றை ஒருமுறை வலம் வாருங்கள். பேட்டரிக்கும் குவளைக்கும் இடையிலுள்ள கம்பிகளில் நகர்பவை எலக்ட்ரான்கள். அவை நம் அம்புக்குறிக்கு எதிராகச் செல்கின்றன. குவளைக்குள் தனி எலக்ட்ரான் எதுவும் நீந்துவதில்லை. அங்கே நேர் மின்னூட்டமுள்ள செம்பு அயனிகள் அம்புக்குறியின் திசையிலேயே சென்று எதிர்முனைக் கம்பியில் படிகின்றன. அதே வேளையில் எதிர் மின்னூட்டமுள்ள சல்பேட் அயனிகள் மறுதிசையில் செல்கின்றன. மின்னோட்டமோ சுற்று முழுவதும் ஒன்றே. எந்த இடத்தில் அம்மீட்டரை வைத்தாலும் ஒரே அளவைத்தான் காட்டும். அம்புக்குறியை எலக்ட்ரானுக்கு ஏற்பத் திருப்பினால், செம்பு அயனி அம்புக்குறிக்கு எதிராகப் போகும். இன்வெர்ட்டர் பேட்டரியின் அமிலத்திலும், சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்புச் சவ்வைக் கடக்கும்போதும் இதே சிக்கல் எழும். ஓடுவது எந்தத் துகள் என்று பாராமல், ஒரு வினாடியில் கடந்த நிகர மின்னூட்டம் எவ்வளவு என்று மட்டும் எண்ணுவதற்காகவே மின்னோட்டம் என்ற கருத்து இருக்கிறது. அதற்கு ஒரே ஓர் உடன்பாடு போதும்.

உலோகக் கம்பிக்குள் ஓடுவது எதிர்த்துகள்தான் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பாடத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி அதுதான். வலப்பக்கம் செல்லும் நேர்த்துகளும், இடப்பக்கம் செல்லும் எதிர்த்துகளும் ஒரே திசையில்தான் மின்னோட்டத்தைத் தருகின்றன. கம்பியைச் சூடாக்குவதிலோ காந்த ஊசியைத் திருப்புவதிலோ இரண்டுக்கும் வேறுபாடே கிடையாது. 1879இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால், கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தார். அப்போது ஓடும் துகள்கள் தகட்டின் ஒரு விளிம்புக்குத் தள்ளப்படுகின்றன. நேர்த்துகளானாலும் எதிர்த்துகளானாலும் தள்ளப்படுவது அதே விளிம்புக்குத்தான். ஆகவே அந்த விளிம்பு நேராகிறதா எதிராகிறதா என்று அளந்துவிட்டால், ஓடுவது எது என்று தெரிந்துவிடுகிறது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு 18 ஆண்டுகள் முன்பே அதன் குறியைக் காட்டக்கூடிய சோதனை கைக்கு வந்துவிட்டது.

1916இல் டோல்மனும் ஸ்டூவர்ட்டும் இன்னும் நேரடியான வழியில் சென்றார்கள். கம்பிச் சுருள் ஒன்றை மிக வேகமாகச் சுழற்றிச் சட்டென்று நிறுத்தினார்கள். பஸ் திடீரென்று நிற்கும்போது நின்றுகொண்டிருக்கும் பயணிகள் முன்னால் சாய்வதுபோல, கம்பி நின்ற பிறகும் அதிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒரு கணம் முன்னோக்கிச் சென்றன. அந்தக் கணநேர மின்னோட்டத்தின் திசையே துகள்கள் எதிர் மின்னூட்டம் உடையவை என்று காட்டிவிட்டது.

எலக்ட்ரானின் திசையிலேயே அம்புக்குறி வரைந்து கற்பிக்கும் வழக்கமும் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் மின்னியல் பயிற்சி நூல்கள் அவ்வாறு எழுதப்பட்டவை. அவற்றில் வலக்கை விதிக்குப் பதிலாக இடக்கை விதி வரும். விடைகள் ஒன்றேதான்.

உங்கள் மாணவியிடம், “அம்புக்குறி காட்டுவது மின்னூட்டக் கணக்கின் திசை; கம்பியில் அந்தக் கணக்கை நிறைவேற்றுவது எதிர்த்திசையில் செல்லும் எதிர்த்துகள்” என்று சொல்லுங்கள். மயில்துத்தச் சோதனையை அவளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புரோட்டான், எலக்ட்ரானைப்போல 1836 மடங்கு நிறை உடையது என்று படித்தேன். அவ்வளவு பெரியதற்கும் அவ்வளவு சிறியதற்கும் மின்னூட்டம் மட்டும் எப்படிச் சமமாக இருக்க முடியும்? நியூட்ரானுக்குள் மின்னூட்டமே கிடையாதா? (கல்லூரி மாணவர், தேனி)

பதில்: நிறையும் மின்னூட்டமும் ஒன்றையொன்று சாராத இரு பண்புகள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்வி அதைவிட ஆழமானது.

முதலில், சமம் என்பது எவ்வளவு துல்லியமான சமம் என்று பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள கல்லில் தோராயமாக 3-க்குப் பின் 26 சுழிகள் போட்ட எண்ணிக்கையில் புரோட்டான்களும், அதே அளவு எலக்ட்ரான்களும் இருக்கின்றன. இவ்விரண்டின் மின்னூட்ட அளவும் நூறு கோடியில் ஒரு பங்கு மட்டும் வேறுபட்டிருந்தால், அந்தக் கல்லில் சுமார் 0.05 கூலும் மின்னூட்டம் மிஞ்சி நிற்கும். அப்படிப்பட்ட இரண்டு கற்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால், அவை ஒன்றையொன்று ஏறத்தாழ 2,000 டன் எடைக்கு நிகரான விசையோடு விலக்கித் தள்ளும். நாம் இரண்டு கற்களை அருகருகே வைத்து அடுப்புக் கூட்டுகிறோம், எதுவும் நிகழ்வதில்லை. ஆய்வகச் சோதனைகள் இந்தச் சமத்தை, கோடி கோடி கோடியில் ஒரு பங்குக்குமேல் வேறுபாடு இருக்க முடியாது என்னும் அளவுக்கு உறுதிசெய்திருக்கின்றன.

மின்னூட்டம் நுண்ணிய தவணைகளாகவே வருகிறது என்பதைக் காட்டியது, சிகாகோவில் 1909இல் தொடங்கி ராபர்ட் மில்லிகன் நடத்திய எண்ணெய்த்துளிச் சோதனை. புகைபோல் தெளிக்கப்பட்ட துளிகளில் ஒன்றை நுண்ணோக்கியின் வழியே பின்தொடர்ந்து, புவியீர்ப்பில் அது விழும் வேகத்தையும், மின்புலத்தில் மேலே ஏறும் வேகத்தையும் மணிக்கணக்கில் அளந்தார்கள். துளியின் மின்னூட்டம் மாறும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவின் ஒரு மடங்கு, இரு மடங்கு, மூன்று மடங்கு என்றுதான் மாறியது. நடுவில் எந்த மதிப்பும் வரவில்லை. அந்த அளவை இன்று அளப்பதே இல்லை. 2019 மே 20 முதல் அதன் மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று வரையறுக்கப்பட்டு, அதிலிருந்தே ஆம்பியர் வருவிக்கப்படுகிறது. ஒரு ஆம்பியர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள்.

இனி நியூட்ரான். ஜேம்ஸ் சாட்விக் 1932இல் கண்டுபிடித்த இந்தத் துகளின் மொத்த மின்னூட்டம் சுழி. ஆனால் உள்ளே வெறுமை இல்லை. 1964இல் ஜெல்-மானும் ஸ்வீக்கும் தனித்தனியே முன்வைத்த கருத்துப்படி புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. மேல் குவார்க்கின் மின்னூட்டம் எலக்ட்ரான் அளவில் நேர் 2/3. கீழ் குவார்க்கினுடையது எதிர் 1/3. இரண்டு மேல், ஒரு கீழ் சேர்ந்தால் நேர் 1, அது புரோட்டான். ஒரு மேல், இரண்டு கீழ் சேர்ந்தால் சுழி, அது நியூட்ரான். 1968 வாக்கில் ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கியில், மிகுந்த ஆற்றலுடைய எலக்ட்ரான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டபோது, உள்ளே புள்ளி போன்ற சிறு மையங்களில் பட்டதுபோல் அவை சிதறின. பின்னப் பகுதி மின்னூட்டம் தனியே வெளியில் வந்து நின்றதை இதுவரை எவரும் கண்டதில்லை.

அணுக்கருவுக்கு வெளியே தனித்துவிடப்பட்ட நியூட்ரான் நிலைப்பதில்லை. அதன் சராசரி ஆயுள் ஏறத்தாழ 880 வினாடிகள். அது சிதையும்போது ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், மின்னூட்டமற்ற ஒரு எதிர்நியூட்ரினோ ஆகியவை பிறக்கின்றன. சுழியாக இருந்தது ஒரு நேராகவும் ஒரு எதிராகவும் பிரிகிறது. கூட்டினால் மறுபடியும் சுழி. மெழுகின்மேல் நின்ற இருவரிடம் பிராங்க்ளின் கண்ட அதே கணக்கு இங்கும் பிசகுவதில்லை. நீங்கள் கேட்ட “எப்படிச் சமம்” என்பதற்கு இயற்பியலில் இன்னும் முழுமையான விடை இல்லை. எலக்ட்ரானும் குவார்க்கும் ஒரே மூலத்தின் இரு வடிவங்களாக இருந்தால் அது இயல்பாக விளங்கிவிடும் என்று கருதும் கோட்பாடுகள் உண்டு. அவை இன்னும் சோதனையால் நிறுவப்படவில்லை.

கேள்வி: நாங்கள் இலத்திரன், புரோத்தன், மறையேற்றம் என்று படிக்கிறோம். உங்கள் இதழில் எலக்ட்ரான், எதிர் மின்னூட்டம் என்று வருகிறது. எது சரி? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் சரி. அயர்லாந்தின் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி 1891இல் மின்னூட்டத்தின் மிகச்சிறு அலகுக்கு எலக்ட்ரான் என்று பெயரிட்டார். தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் அம்பர் என்ற இறுகிய மரப்பிசினுக்குக் கிரேக்கர்கள் வழங்கிய பெயர் அது. இலங்கைப் பாடநூல்கள் அதைத் தமிழ் ஒலிமரபுக்கு இசைய இலத்திரன் ஆக்கிக்கொண்டன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒலிபெயர்ப்போடு நின்றுவிட்டன. சொல்லாக்கத்தில் இலத்திரன் அழகானது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் பள்ளியில் எலக்ட்ரான் என்று படித்தவர்கள் என்பதால் இங்கே அதைப் பயன்படுத்துகிறோம்.

“எதிர்” என்ற சொல்லுக்காக மட்டும் சற்று வாதிடுவேன். பிராங்க்ளின் குறைவு என்ற பொருளில் கழித்தல் குறியைப் பயன்படுத்தினார். எலக்ட்ரானிடமோ குறை எதுவும் இல்லை. “எதிர்” என்றால் மற்றதற்கு மறுதலையானது என்று மட்டுமே பொருள். குறைவு என்ற எண்ணத்தை அது மாணவர் மனத்தில் விதைப்பதில்லை.

கேள்வி: சுவிட்சைப் போட்ட உடனே விளக்கு எரிகிறது. அப்படியானால் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஓடுகிறதா? மாதாமாதம் நாம் பணம் கட்டுவது அந்த எலக்ட்ரான்களுக்குத்தானா? (இல்லத்தரசி, திருச்சி)

பதில்: எலக்ட்ரான்களின் நகர்வு நத்தையைவிட மெதுவானது. ஒரு கன மில்லிமீட்டர் செம்பில் ஏறத்தாழ எட்டரை லட்சம் கோடி கோடி கட்டற்ற எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள கம்பியில் ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டம் செல்லவேண்டுமானால், அந்தக் கூட்டம் வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். ஒரு மணி நேரத்தில் அது கடக்கும் தூரம் ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு எலக்ட்ரானும் தனித்தனியே வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அங்குமிங்கும் அலைவது உண்மை. ஆனால் அது எல்லாத் திசைகளிலும் நிகழ்வதால், விளக்கை எரிப்பதில் அதற்குப் பங்கில்லை.

தேர் வடம் பிடித்திருக்கிறீர்கள் என்றால் இது எளிதில் விளங்கும். முன்னால் நிற்பவர்கள் முழுதாக ஓர் அடி எடுத்து வைப்பதற்குள், இழுப்பு வடத்தின் வழியே தேரை எட்டிவிடுகிறது. சுவிட்சைப் போட்டதும் அதுபோல் மின்புலம்தான் கம்பி நெடுகிலும் ஒளியின் வேகத்தை நெருங்கும் விரைவில் பரவுகிறது. விளக்கின் உள்ளே ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்கள் அதே கணத்தில் நகரத் தொடங்குகின்றன.

நம் வீடுகளுக்கு வருவதோ மாறுமின்னோட்டம். வினாடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 முறை திசை மாறுகிறது. ஆகவே எலக்ட்ரான் கூட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட முன்னேறாமல் இருந்த இடத்திலேயே ஊசலாடுகிறது. ஃபேஸ் கம்பி வழியாக எவ்வளவு மின்னூட்டம் உள்ளே வருகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாக வெளியே போகிறது. வீட்டில் எதுவும் தங்குவதில்லை. மீட்டர் கணக்கெடுப்பது ஆற்றலை. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும் ஆற்றல் அவ்வளவு.

தெருமுனையிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். அதற்குள் 11,000 வோல்ட் வந்துசேரும் கம்பிச்சுருள் ஒன்று. நம் வீடுகளுக்கு மின்சாரம் புறப்படும் சுருள் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் காப்புப் பொருள் இருக்கிறது. முதல் சுருளிலிருந்து இரண்டாவதற்கு எலக்ட்ரான் எதுவும் கடந்து வருவதில்லை. இரும்பு உள்ளகத்தில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தின் வழியாக ஆற்றல் மட்டும் இந்தப் பக்கம் வந்துசேர்கிறது. நீங்கள் பணம் கட்டுவது அந்த ஆற்றலுக்கு.